நிதானத்தின் கை

அந்த ஷெட்டுக்குள் நான் போனபோது காலை பத்து மணி. பேய், பிசாசு என்று எந்தப் பயமும் எனக்கு அப்போது கிடையாது. இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். குவாரிப் பள்ளத்துக்குள் என் கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து சரிந்து வந்த பாறைப் பலகை ஒன்று அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கவ்விப் பிடித்திருந்தது.

மூன்று நாளாக விடாத மழை. விடுமுறை நாள் என்பதால் குவாரியில் வேலையாட்கள் யாரும் இல்லை. அங்கேயே குடியிருப்பது நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர். நான் எடை மேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். மோட்டார் மக்கர் செய்ததால் மெக்கானிக்கான என் அண்ணனை வரச் சொல்லியிருந்தோம். அவன் வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில் தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதற்குக் கொஞ்ச நேரத்தில் பாறை சரிந்தது.

உதவிக்குப் போன் செய்தோம். "பாலம் இல்லாம மிஷின் வராதும்மா. சுத்தி வரணும். சாயங்காலம் ஆயிரும்" என்றார்கள்.

அண்ணன் தண்ணீர் மட்டத்தில் பாறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். கால் மணி நேரத்தில் கோடு மூழ்கிவிட்டது. சாயங்காலம் என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லாமல் போனது.

"விஞ்ச் வண்டி இருக்கே மாப்ள" என்று அண்ணன் பள்ளத்தின் விளிம்பிலிருந்து கத்தினான்.

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். மழை அவர் முகத்தில் அடித்தது. அந்த நிலையிலும் அவர் சொன்னது இதுதான்:

"அந்த வண்டி வேண்டாம் மச்சான்."

"வேற எது இருக்கு இங்க?"

"வேற ஏதாவது பாருங்க. அது வேண்டாம்."

வலியில் உளறுகிறார் என்று நினைத்தேன். தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. பிறகு, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார். "டிஸ்ட்ரிபியூட்டர் வண்டியில இருக்காது. ஆபீஸ் அலமாரி, கீழ்த்தட்டு. சாக்குல சுத்தியிருக்கும்."

அது எப்படி இவருக்குத் தெரியும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ப்ளக்குகளுக்கு நெருப்பைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பாகம் இல்லாமல் வண்டி கிளம்பாது; ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

ஷெட்டின் பூட்டைக் கடப்பாரையால் நெம்பித்தான் திறந்தோம். உள்ளே பகலே இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல், பழைய எண்ணெயும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை. நடுவில் அந்த லாரி நின்றது. பழைய பெட்ரோல் வண்டி. முன் பம்பரில் பாரம் இழுக்கிற விஞ்ச் உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு. ஆறு வருடமாக யாரும் தொடாத வண்டி.

ஆறு வருடத்துக்கு முன் இதே ஷெட்டில், இதே வண்டியில் நெருப்பு விழும் நேரத்தைச் சரிசெய்து டைமிங் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் நிதானம் செத்துப்போனார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. விஞ்ச் ஓட்டுகிறவர். எதைச் செய்தாலும் "நிதானமா, நிதானமா" என்பார், அதுவே பெயராகிவிட்டது. சட்டைக் கை பறந்து எதிலும் மாட்டிவிடக் கூடாதென்று சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இரண்டு மணிக்கட்டிலும் போட்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர் ஓடுகிற இன்ஜின் ஃபேனுக்குள் விழுந்து செத்தார். தனியாக வேலை பார்த்திருக்கிறார், கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கையில் எழுதி முடித்துவிட்டார்கள்.

"இங்க பாரு" என்றான் அண்ணன். "இதுல ரெண்டு பேர் வேணும். நான் சொல்றதை மட்டும் செய். யோசிக்காத."

பேட்டரியை அவனுடைய வேனிலிருந்து கழற்றி மாட்டினான். கேனில் இருந்த பெட்ரோலை ஊற்றினான். முதல் சிலிண்டரின் ப்ளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் என் கட்டைவிரலை வைத்து அடைக்கச் சொன்னான். அவன் முன்னால் கிராங்க் கம்பியைப் போட்டு மெல்லச் சுற்றினான். கட்டைவிரலைக் காற்று உள்ளிருந்து தள்ளியது.

"தள்ளுது அண்ணா!"

"அப்படியே இரு." இன்னும் கொஞ்சம் சுற்றி, இன்ஜின் முகப்புக் கப்பியில் இருந்த கோட்டை, பக்கத்துக் குறிமுள்ளுக்கு நேராகக் கொண்டுவந்தான். பிஸ்டன் மேலே வந்துவிட்டது, நெருப்பு விழ வேண்டிய இடம் இதுதான் என்றான். டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, அதற்குள் சுற்றும் ரோட்டரின் மூக்கை முதல் ஒயருக்கு நேராகத் திருப்பி வைத்தான். மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட் திறக்கிற நொடியில் சின்ன பல்பு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது.

நான் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். வண்டி இருமியது. செருமியது. நாலாவது முறை பிடித்துக்கொண்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அண்ணனின் முகம் தெளியவில்லை. "இழுக்காது. சத்தமே சரியில்ல. கையால வெச்சது சும்மா ஓடறதுக்குத்தான் ஆகும். லைட் போட்டுப் பாக்கணும்" என்றான். டைமிங் லைட் சுவரில் ஆணியில் தொங்கியது. துப்பாக்கிபோல் பிடி வைத்த விளக்கு. நிதானத்தினுடையது. ஒயரை முதல் ப்ளக்கில் மாட்டினால் நெருப்பு விழும்போதெல்லாம் விளக்கு வெட்டும்; அந்த வெட்டொளியில், சுழலுகிற கப்பியின் கோடு நின்றதுபோல் தெரியும். கோடு மட்டுமல்ல. அதே வேகத்தில் சுற்றுகிற ஃபேனும் நின்றதுபோலத்தான் தெரியும்.

"ஃபேன் பக்கம் குனியாத அண்ணா" என்றேன்.

"தெரியும். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமா மிதி. நான் போதும்னா விட்ரு."

கேபினில் உட்கார்ந்திருந்த எனக்கு முன்னால் பானெட் தூக்கி நின்றது. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக இன்ஜினும் அண்ணனின் கைகளும் மட்டும் தெரிந்தன. விளக்கு வெட்ட ஆரம்பித்தது. வெள்ளை. இருட்டு. வெள்ளை. இருட்டு. ஒரு கையில் விளக்கு. மறு கை டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தில்.

மிதித்தேன்.

வெள்ளை. இருட்டு. வெள்ளை.

"போதும்."

சட்டென்று காலை எடுத்தேன்.

"ஏன் விட்டே?" என்று அண்ணன் கத்தினான்.

"நீதானே போதும்னே?"

"நான் எங்க சொன்னேன்? மிதி, மிதி!"

'போதும்' என்ற அந்தக் குரல் இன்ஜினுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேபினுக்குள், என் இடது காதுக்குப் பக்கத்தில், ஒரு மூச்சுத் தூரத்தில் கேட்டது. பக்கத்து இருக்கையில் கந்தல் துணி மட்டும்தான் கிடந்தது.

அவர் தண்ணீரில் நிற்கிறார், மிதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி மிதித்தேன். விளக்கு வெட்டியது. இடைவெளியில் பார்த்தேன்.

விளக்கைப் பிடித்த கை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்த கை.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை.

இருட்டு.

வெள்ளை. மூன்றாவது கை அங்கேயே இருந்தது. மணிக்கட்டில் கறுப்பு ரப்பர் வளையம். அண்ணனின் விரல்களைப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. இன்ஜினின் இருமல் அடங்கியது. செருமல் நின்றது. சத்தம் திரண்டு, ஒரே சீராக, ஷெட்டையே நிரப்பிக்கொண்டு எழுந்தது.

"உக்காந்துருச்சு!" என்றான் அண்ணன். "கோடு முள்ளு மேல அப்படியே நிக்குது."

அவன் எதையும் பார்க்கவில்லை. "கை ஏன் இப்படி ஜில்லிட்டுப் போச்சு" என்று மட்டும் கையை உதறிக்கொண்டான். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கும் போல்ட்டை ஸ்பேனரால் ஒரு முறுக்கு முறுக்கினான். துருப்பிடித்த போல்ட்டின் தலை டக்கென்று ஒடிந்து உள்ளே விழுந்தது.

வேறு போல்ட் தேட நேரமில்லை. கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டினான். "தாங்கும்" என்றான். அவன் குரலிலேயே நம்பிக்கை இல்லை.

அண்ணன் வண்டியை விளிம்புக்குக் கொண்டுபோனான். நான் முன்னால் ஓடிப் பள்ளத்துக்குள் இறங்கினேன். தண்ணீர் அவருடைய நெஞ்சுக்கு வந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மேலே எழுந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டு அவர் கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"டிஸ்ட்ரிபியூட்டர் அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னங்க, ஷெட்டுல நிதானம் இருக்காரு. நான் பாத்தேன். என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

அவர் பல் கிட்டித்தபடி சொன்னார். "நான்தான் கேபின்ல இருந்தேன். அவரு மரப்பெட்டி மேல ஏறிக் குனிஞ்சு டைமிங் பாத்துட்டிருந்தாரு. 'போதும், போதும்'னாரு. நான்... விளையாட்டுக்குத்தான்... அவரு நிதானத்தைக் கிண்டல் பண்ண, முழுசா மிதிச்சுட்டேன். வண்டி துள்ளிச்சு. பெட்டி சரிஞ்சிருச்சு."

"அப்புறம்?"

"ஓடிட்டேன். நான் அங்க இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். மறுநாள் போய் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி ஒளிச்சு வெச்சேன். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது."

எட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். என்னிடம்கூடச் சொல்லாமல் ஆறு வருடம் இதை விழுங்கிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் தண்ணீர் அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் இரும்புக் கயிற்றோடு இறங்கி வந்தான். "நீ மேல போ. விஞ்சுல பிரேக் புடிக்கல. கல்லு தூக்கின அப்புறம் இன்ஜின் நின்னுச்சுன்னா, கல்லு திரும்ப இவர் மேலதான். என் மேலயும்தான். என்ன ஆனாலும் காலை எடுக்காத. பானெட் தொறந்தே இருக்கட்டும், கட்டுக்கம்பி மேல ஒரு கண்ணு வை."

மேலே போய் உட்கார்ந்தேன். கீழே அண்ணன் விசில் அடித்தான். லிவரைப் போட்டு மிதித்தேன்.

கயிறு விறைத்தது. வண்டியின் முன்பக்கம் தாழ்ந்தது. இன்ஜின் அடித்தொண்டையிலிருந்து உறுமியது, ஆனால் திணறவில்லை. பள்ளத்திலிருந்து கல் உராயும் சத்தம் வந்தது. "வருது! வருது!" என்று அண்ணன் கத்தினான்.

அப்போது கட்டுக்கம்பி அறுந்தது.

டிஸ்ட்ரிபியூட்டர் தானாகத் திரும்ப ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்தேன். இன்ஜின் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. இன்னொன்று. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. கயிறு ஒரு முழம் பின்னால் இறங்கியது. கீழே இரண்டு குரல்கள் ஒன்றாக அலறின.

இறங்கிப் போய்ப் பிடிக்க முடியாது. காலை எடுத்தால் எல்லாம் முடிந்தது.

"யாராவது புடிங்களேன்!" என்று கத்தினேன். யாரும் இல்லாத இடத்தில் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

கை வந்தது.

இந்த முறை வெட்டொளி எதுவும் இல்லை. மழைப் பகலின் மங்கிய வெளிச்சத்தில், பானெட்டின் இடைவெளியில், முழங்கைவரை தெரிந்தது. நனைந்து ஒட்டிய காக்கிச் சட்டை. கறுப்பு ரப்பர் வளையம். அதற்கு மேலே தோள் இருக்க வேண்டிய இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. கை டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைப் பற்றியது. இன்ஜின் மறுபடி சீரானது. கயிறு ஏறியது.

"நிதானம் அண்ணே" என்றேன். "விட்ராதீங்க அண்ணே."

கை அசையாமல் இருந்தது.

பிறகு மெல்லத் திருப்ப ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம்.

வேண்டுமென்றேதான். மயிரிழை மயிரிழையாக, அவருக்கே உரிய பொறுமையோடு. இன்ஜினின் உயிர் இறங்கிக்கொண்டே வந்தது. மிதிக்க மிதிக்க அது தளர்ந்தது. கயிறு நடுங்கியது. "இன்னும் மிதி! கால் வெளிய வரல!" என்று அண்ணன் கத்தியது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

எனக்குப் புரிந்தது.

"அவருதான் மிதிச்சாரு! எனக்குத் தெரியும்! உங்க மேல எந்தத் தப்பும் இல்ல!" தொண்டை கிழியக் கத்தினேன். "உங்க வீட்ல போய் அவரு வாயாலயே சொல்ல வைக்கிறேன். எழுதித் தரச் சொல்றேன். என் தாலி மேல ஆணை அண்ணே. இப்ப மட்டும் விட்ராதீங்க!"

கை நின்றது.

இன்ஜின் கடைசித் துடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. காதோரத்தில் அந்த மூச்சு மட்டும் கேட்டது.

கை மறுபடி இடப்பக்கம் திருப்பியது. இன்ஜின் முழுப் பலத்தோடு எழுந்தது. "வந்துட்டாரு! இழுத்துட்டேன்!" என்ற குரல் கேட்டதும் நான் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது இடைவெளியில் யாரும் இல்லை. அறுந்த கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆட்கள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் கொடுத்த வாக்கை அவரிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "செத்தவர் செத்துட்டாரு. இப்பப் போய்க் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது? ஜெயிலுக்குப் போகச் சொல்றியா என்னை?"

பத்தாவது நாள் அவருடைய தூக்கம் போயிற்று. இல்லாத பாதம் இருப்பதுபோலவே இருக்கிறது என்றார். நரம்பு அப்படித்தான் ஏமாற்றும், பலருக்கும் வருவதுதான் என்றார் டாக்டர்.

டாக்டர் போனதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்கலடி. அழுத்துது. பாதத்து மேல ஒரு கை வெச்சு அழுத்துது. கீழ, கீழன்னு. எடுக்கவே விட மாட்டேங்குது."

பகலில், எல்லோரும் நடமாடுகிற வார்டில், அவர் வியர்த்து வழிந்தபடி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டார். கடைசியில் ஒருநாள், "கூட்டிட்டுப் போ" என்றார்.

நிதானத்தின் மனைவி ஒரு சலவைக்கடையில் துணி தேய்க்கிறவர். நாங்கள் போனபோதும் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அழவில்லை.

"மணிக்கட்டுல ரப்பர் போடாம ஒருநாள் வேலைக்குப் போனதில்ல அந்த மனுஷன்" என்றார். "கவனமில்லாம செத்தாருன்னு எழுதினாங்க. நான் நம்பல. நம்பலைன்னு யார்கிட்டப் போய் நிக்கிறது?" ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து மேஜையில் வைத்தார். "எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. "போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் படுத்தார். "விட்டுருச்சு" என்றார். "பாரம் போயிருச்சு." சொல்லி முடிக்கும் முன்பே தூங்கிப்போனார். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் தூக்கம். நான் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிற்பகல் மூன்று மணி. ஜன்னலில் வெயில். காற்றே இல்லை.

வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் மெல்ல மேடாக எழும்பியது. பாதம் ஒன்று நிமிர்வதுபோல.

பிறகு அழுந்தியது. மெத்தைக்குள் நாலு விரல் ஆழத்துக்கு.

எழும்பியது. அழுந்தியது. ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல.

அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. போர்வையை விலக்கிப் பார்க்கவும் எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.